எலும்புக்குள் ரத்தம் நுழையும் வாசல்

வேலூர் லாங் பஜாரில் மூட்டை சுமப்பவரின் பாதம், உடல் எடையோடு மூட்டையின் எடையையும் தாங்குகிறது. ஆம்பூர் ஷூ கம்பெனிகளில் நாள் முழுக்க நின்று வேலை செய்பவர்களின் பாதத்துக்கும் ஓய்வில்லை. ஒரு பாதத்தில் 26 எலும்புகள். அவற்றில் விரல்களுக்குப் பின்னால் வரிசையாக இருக்கும் ஐந்து நீள எலும்புகளுக்கு மெட்டாடார்சல் என்று பெயர். குதிகால் தரையை விட்டு எழுந்ததும் பாரம் இவற்றின் தலைப்பகுதிக்கு மாறிவிடும்.

இப்படி உழைக்கும் எலும்புக்கு ரத்தம் எப்படிப் போய்ச் சேருகிறது? எலும்பின் தண்டில் ஊசிமுனை அளவுக்கு ஒரு துளை இருக்கும். அதுதான் ஊட்டத் துளை. அதன் வழியே நுழையும் சிறு தமனி உள்ளே இரண்டாகப் பிரிந்து இரு முனைகளையும் நோக்கிப் போகிறது.

துளை நேராக இறங்குவதில்லை, சாய்ந்தே இறங்கும். எலும்பின் எந்த முனை அதிகம் வளர்கிறதோ, அதற்கு எதிர்த்திசையில் சாய்வு இருப்பது பொது விதி. கட்டைவிரலின் மெட்டாடார்சல் கணுக்கால் பக்க முனையில் வளர்வதால் அதன் துளை விரலை நோக்கிச் சாய்கிறது. மற்ற நான்கும் விரல் பக்க முனையில் வளர்பவை. அவற்றின் துளை கணுக்காலை நோக்கிச் சாயும்.

உடற்கூறியல் ஆய்வாளர்கள் உலர்ந்த எலும்பைக் கையில் எடுத்து, லென்ஸ் வழியே துளையைத் தேடி, மெல்லிய ஊசியை நுழைத்துச் சாய்வைப் பார்ப்பார்கள். பிறகு எலும்பின் கணுக்கால் பக்க முனையிலிருந்து துளை வரை உள்ள தூரத்தை மொத்த நீளத்தால் வகுத்து நூறால் பெருக்குவார்கள். எலும்பு 70 மில்லிமீட்டர், துளை 28ஆவது மில்லிமீட்டரில் என்றால் விடை 40. அதாவது, துளை நடு மூன்றில் ஒரு பங்கில் இருக்கிறது.

பெரும்பாலான எலும்புகளில் ஒரே துளை, அதுவும் நடுப்பகுதியில். ஆனால் சிலருக்கு இரண்டு இருக்கும், சிலருக்குத் துளையே தென்படாது. இது குறைபாடு அல்ல. பெரிய சாலை அடைபட்டால் சந்துகள் வழியே சரக்கு வருவதைப் போல, எலும்பைப் போர்த்தியிருக்கும் உறையின் நுண்குழாய்கள் அந்த வேலையைச் செய்கின்றன.

சுண்டுவிரலின் மெட்டாடார்சலில் துளையின் இடம் மிக முக்கியம். தண்டுக்குள் நுழையும் தமனியின் கிளையும், எலும்பின் அடிப்பகுதிக்கு வரும் குழாய்களும் சந்திக்கும் இடத்தில் ரத்த ஓட்டம் குறைவு. அங்கே முறிந்தால் எளிதில் கூடாது. லிவர்பூல் அறுவை மருத்துவர் ராபர்ட் ஜோன்ஸ், நடனமாடியபோது தன் காலிலேயே ஏற்பட்ட முறிவையும் சேர்த்து 1902இல் எழுதினார். அவர் பெயராலேயே அது ஜோன்ஸ் முறிவு ஆனது. வளைந்த கட்டைவிரலை நேராக்கும் அறுவையிலும் ரத்தக் குழாய்களின் மேல் கவனம் வேண்டும். உறையை அளவுக்கு மீறி உரித்தால் எலும்பின் தலை ரத்தமின்றிச் செத்துப்போகலாம். எக்ஸ்ரேயில் இந்தத் துளைப்பாதை முறிவுக் கோடு போலத் தெரிவதும் உண்டு. பழகிய கண்ணே இரண்டையும் பிரித்தறியும்.

பாதத்தின் அருமையை உலகுக்குச் சொன்னதில் வேலூருக்குத் தனி இடம் உண்டு. 1946இல் இங்குள்ள கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் விரல்கள் தாமாக உதிர்வதில்லை, உணர்வற்ற பாதத்தில் காயம் மேல் காயம் படுவதே காரணம் என்று விளக்கினார். வலி தெரியாதவர் முறிந்த எலும்பின் மேலேயே நடப்பார். எலும்பு கூடுவதற்காக வளரும் புதுக் குழாய்கள் ஒவ்வோர் அடியிலும் அறுபடும். பாதத்தில் காயம் படாமல் தடுக்கவே மெத்தென்ற மைக்ரோசெல்லுலர் ரப்பர் செருப்பு அங்கே சிகிச்சையின் ஒரு பகுதியானது.

இன்று சர்க்கரை நோயால் பாத உணர்வை இழந்தவர்களுக்கும் இது அப்படியே பொருந்தும். அவர்கள் தினமும் பாதத்தைப் பார்க்க வேண்டும். வலி இல்லாவிட்டாலும், வீக்கமோ சூடோ தெரிந்தால் நடப்பதை நிறுத்திவிட்டு உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும். ரத்தம் போய்ச் சேரும் வரைதான் எலும்புக்குத் தன்னைத் தானே சரிசெய்துகொள்ளும் வலு இருக்கும்.