பக்கத்தில் உட்காரவைத்தால் போதுமா?

1958. ரோம் நகரின் லா சபியென்சா பல்கலைக்கழக அலுவலகத்தில் சோஃபியா கொர்ராடி என்ற சட்ட மாணவி தன் சான்றிதழை நீட்டினார். ஃபுல்பிரைட் உதவித்தொகையில் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குப் போய், முதுகலைப் பட்டத்தோடு ஊர் திரும்பியிருந்தார். அங்கே படித்ததைக் கணக்கில் எடுத்துக்கொண்டால், இத்தாலியில் எழுத வேண்டிய தேர்வுகளில் சில குறையும் என்று நினைத்திருந்தார். அலுவலர் ஒப்புக்கொள்ளவில்லை. அமெரிக்காவுக்கு உல்லாசப் பயணம் போய்விட்டு வந்து சலுகை கேட்கிறாயா என்கிற தொனியில், பலர் முன்னிலையில் கடிந்துகொண்டு அனுப்பிவிட்டார்.

கொர்ராடி அதை மறக்கவில்லை. பின்னாளில் இத்தாலியப் பல்கலைக்கழகத் தலைவர்களின் கூட்டமைப்புக்கு ஆலோசகரானார். வெளிநாட்டில் படித்த பாடத்தைச் சொந்த நாட்டுப் பல்கலைக்கழகம் ஏற்க வேண்டும் என்று 1969-இல் ஒரு முன்மொழிவை எழுதினார். அதை எடுத்துக்கொண்டு ஆண்டுக்கணக்கில் ஒவ்வொரு கதவாகத் தட்டினார். 1987-இல் ஐரோப்பியச் சமூகம் எராஸ்மஸ் திட்டத்தைத் தொடங்கியது. முதல் ஆண்டில் 11 நாடுகளிலிருந்து 3,244 மாணவர்கள் எல்லை கடந்து படிக்கப் போனார்கள். மாணவர்கள், பயிற்சியாளர்கள், ஆசிரியர்கள் என்று இதுவரை பயனடைந்தவர்கள் ஒன்றரைக் கோடிக்கும் மேல். ஓராண்டுப் படிப்புக்கு 60 கிரெடிட் என்கிற பொது அளவுகோல் ஐரோப்பா முழுக்க வந்துவிட்டதால், லிஸ்பனில் எழுதிய தேர்வைப் பெர்லின் பல்கலைக்கழகம் எளிதில் தள்ளிவிட முடியாது. ‘எராஸ்மஸ் அம்மா’ என்று இத்தாலியர்கள் கொர்ராடிக்குச் செல்லப்பெயரே வைத்துவிட்டார்கள்.

திட்டத்தின் பலனை ஐரோப்பிய ஆணையம் 2014-இல் ஒரு பெரிய ஆய்வாக வெளியிட்டது. பட்டம் பெற்று ஐந்து ஆண்டுகள் கழித்துப் பார்த்தால், வெளிநாட்டில் படித்தவர்களிடையே வேலையின்மை விகிதம் மற்றவர்களைவிட 23 சதவீதம் குறைவு என்றது அந்த ஆய்வு. 27 சதவீதத்தினர் தங்கள் வாழ்க்கைத் துணையை அங்கேதான் சந்தித்திருந்தார்கள். இந்த வகையில் சுமார் 10 லட்சம் குழந்தைகள் பிறந்திருக்கலாம் என்று ஆணையம் போட்ட கணக்கு, அந்த வாரம் ஐரோப்பியப் பத்திரிகைகளுக்கு நல்ல தலைப்பானது.

ஆனால் திட்டத்தின் அடிப்படை நம்பிக்கை வேறு. வேற்று நாட்டு இளைஞர்கள் ஒன்றாகப் படித்தால் மனத்தடைகள் உடையும், ஐரோப்பியர் என்ற பொது உணர்வு வளரும் என்பதே அது. அரசியல் ஆய்வாளர் இம்மானுவேல் சிகாலாஸ் இதைச் சோதித்தார். மாணவர்கள் கிளம்பும் முன்பும் படிப்பு முடிந்த பின்பும் அவர்களிடம் கேள்விகள் கேட்டு, 2010-இல் முடிவை வெளியிட்டார். அந்த ஓராண்டு, ஐரோப்பிய உணர்வை அப்படியொன்றும் வலுப்படுத்திவிடவில்லை. மாணவர்கள் பெரும்பாலும் தங்களைப் போல வெளியூரிலிருந்து வந்தவர்களோடுதான் பழகினார்கள். உள்ளூர் மாணவர்களோடு நெருக்கம் ஏற்படவில்லை. 2012-இல் தெரேசா கூன் வேறொரு குறையைச் சுட்டினார்: இந்த வாய்ப்பு போய்ச்சேர்வது, ஏற்கெனவே பரந்த மனம் கொண்ட, வசதியும் படிப்பும் உள்ள வீட்டுப் பிள்ளைகளுக்கு; உண்மையில் அது தேவைப்படுகிறவர்கள் பல்கலைக்கழக வாசலுக்கே வருவதில்லை. நேர்மாறான முடிவு தந்த ஆய்வுகளும் உண்டு. விவாதம் இன்னும் முடியவில்லை.

இதே சிக்கலை வேறு முனையிலிருந்து பிடித்தது ஸ்வீடனின் மால்மோ நகரம். கப்பல் கட்டும் தொழிலால் வாழ்ந்த ஊர் அது. 1980-களில் அந்தத் தொழில் நொடித்தது. ஊரின் அடையாளமாக நின்ற ராட்சதப் பளுதூக்கியைத் தென்கொரிய நிறுவனம் ஒன்று ஒரே ஒரு டாலருக்கு வாங்கிக் கப்பலில் ஏற்றிக்கொண்டு போனது. இதற்கிடையே பால்கன் நாடுகளிலிருந்தும் மேற்கு ஆசியாவிலிருந்தும் அகதிகள் வந்து குடியேறினார்கள். இன்று மால்மோ மக்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் வெளிநாட்டில் பிறந்தவர்.

1998-இல் அங்கே புதிய உயர்கல்வி நிறுவனம் ஒன்று திறந்தது. மாணவர்களை அனுப்பிவைக்க வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களோடு பழைய உறவுகள் எதுவும் அதற்கு இல்லை. அதன் சர்வதேசப் பிரிவுக்குப் பொறுப்பாயிருந்த பெங்ட் நில்சன் எளிமையாக ஒரு கேள்வி கேட்டார். எப்படிப் பார்த்தாலும் மாணவர்களில் மிகச் சிறு பகுதியே வெளிநாடு போகப்போகிறது. மற்றவர்களுக்கு என்ன வழி? உலகம்தான் ஊருக்குள்ளேயே வந்திருக்கிறதே, பேருந்தில் ஏறினாலே பல மொழி கேட்கிறதே என்பது அவர் வாதம். ‘உள்ளூரிலேயே சர்வதேசக் கல்வி’ என்ற கருத்து 1999-இல் இப்படிப் பிறந்தது. மால்மோவில் ‘நைட்டிங்கேல்’ என்ற திட்டம் 1997 முதலே நடந்துவந்தது. பல்கலைக்கழக மாணவர் ஒருவரும் குடியேறிகள் வாழும் பகுதியைச் சேர்ந்த பள்ளிச் சிறுவர் ஒருவரும் ஜோடியாகி, ஒரு கல்வியாண்டு முழுக்க ஒன்றாகப் பொழுதைக் கழிப்பார்கள். சிறுவருக்குப் பல்கலைக்கழகம் அந்நியமாகத் தெரியாது. நாளைக்கு ஆசிரியராகவோ சமூகப் பணியாளராகவோ ஆகப்போகும் மாணவருக்கு, தன் ஊரின் தெரியாத வீடுகள் தெரியவரும். இஸ்ரேலில் நடந்துவந்த ‘பெராக்’ என்ற திட்டமே இதற்கு முன்மாதிரி.

வெறுமனே சேர்ந்திருப்பதற்கும் சேர்ந்து வேலை செய்வதற்கும் உள்ள வித்தியாசத்தை 1954-லேயே எழுதிவைத்தவர் அமெரிக்க உளவியலாளர் கோர்டன் ஆல்போர்ட். இரண்டு பிரிவினர் சந்தித்துக்கொண்டால் தப்பெண்ணம் குறைய நான்கு நிபந்தனைகள் வேண்டும் என்றார் அவர். இருவருக்கும் சம அந்தஸ்து, பொதுவான இலக்கு, அதை அடைய ஒத்துழைப்பு, நிர்வாகத்தின் ஆதரவு. 2006-இல் தாமஸ் பெட்டிக்ரூவும் லிண்டா ட்ராப்பும் 515 ஆய்வுகளைத் திரட்டி அலசினார்கள். பழக்கம் பொதுவாகத் தப்பெண்ணத்தைக் குறைக்கிறது. நான்கு நிபந்தனைகளும் இருந்தால் பலன் இன்னும் கூடுகிறது என்று தெரிந்தது.

இதை வகுப்பறைக்குள் கொண்டுவந்தவர் எலியட் ஆரன்சன். 1971-இல் டெக்சாஸின் ஆஸ்டின் நகரில் வெள்ளை, கறுப்பு, மெக்சிக்க வம்சாவளிக் குழந்தைகள் முதன்முறையாக ஒரே பள்ளியில் சேர்க்கப்பட்டபோது அடிதடி நடந்தது. ஆரன்சனும் அவருடைய மாணவர்களும் வகுப்பைச் சிறு குழுக்களாகப் பிரித்தார்கள். பாடத்தையும் துண்டுகளாக்கி, ஆளுக்கு ஒரு துண்டு கொடுத்தார்கள். ஒவ்வொரு குழந்தையும் தன் பகுதியைப் படித்து மற்றவர்களுக்குச் சொல்லித்தர வேண்டும். தேர்வோ முழுப் பாடத்திலும். ஆங்கிலம் தடுமாறும் பையனைக் கேலி செய்தால் அவன் வாயிலிருந்து வர வேண்டிய பாடம் வராது, மதிப்பெண் போகும். கேலி நின்று, அவனிடம் கேள்வி கேட்கத் தொடங்கினார்கள்.

இந்தியாவிலிருந்தும் வலுவான சான்றுகள் உண்டு. அரசிடம் சலுகை விலையில் நிலம் பெற்ற டெல்லியின் தனியார் பள்ளிகள், 2007 முதல் 20 சதவீத இடங்களை ஏழைக் குழந்தைகளுக்குக் கட்டணமின்றித் தர வேண்டியதாயிற்று. பொருளியலாளர் கௌதம் ராவ் அந்தப் பள்ளிகளின் வசதியான வீட்டுப் பிள்ளைகளை ஆராய்ந்து, 2019-இல் முடிவை வெளியிட்டார். ஏழை மாணவர்களோடு படித்தவர்களிடம் கொடுக்கும் மனம் கூடியிருந்தது. தொடர் ஓட்டத்துக்கு ஆள் சேர்க்கும்போது, நன்றாக ஓடும் ஏழை மாணவரை ஒதுக்கும் பழக்கம் குறைந்திருந்தது. பாதகமே இல்லை என்றும் அவர் சொல்லவில்லை: ஆங்கில மதிப்பெண் சற்றுக் குறைந்தது, வகுப்பில் ஒழுங்குமீறல் கொஞ்சம் கூடியது. ஆனால் ஒட்டுமொத்தப் படிப்பு பாதிக்கப்படவில்லை. சில பள்ளிகள் பெயரின் எழுத்து வரிசைப்படி படிப்புக் குழுக்களைப் பிரித்திருந்தன. மனமாற்றத்தில் பெரும்பங்கு, அப்படி ஒரே குழுவில் விழுந்து நேருக்கு நேர் பழகியதால் வந்தது.

மேட் லோ என்ற ஆய்வாளர் உத்தரப் பிரதேச கிராமங்களில் கிரிக்கெட் போட்டிகளே நடத்திப் பார்த்தார். வெவ்வேறு சாதிகளைச் சேர்ந்த 1,261 இளைஞர்கள் அந்த ஆய்வில் இருந்தார்கள். ஒரே அணியில் சேர்ந்து ஆடியவர்களிடையே சாதி கடந்த நட்பு பெருகியது. எதிரணியில் நின்று மோதியவர்களிடையே அது குறைந்தது. மைதானம் ஒன்றுதான்; யாரோடு சேர்ந்து ஆடினார்கள் என்பதில்தான் எல்லாம் இருந்தது. தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் பல்கலைக்கழக விடுதியில், குலுக்கல் முறையில் அறைத்தோழர் அமைந்ததை வைத்து நடந்த ஆய்வில், கறுப்பின அறைத்தோழரோடு தங்கிய வெள்ளை மாணவர்களின் முன்முடிவுகள் தளர்ந்தன. கறுப்பின மாணவர்களின் மதிப்பெண்களும் உயர்ந்தன.

இந்தியப் பல்கலைக்கழகங்கள் இப்போது சர்வதேசக் கல்வியில் வேகமாக இறங்கியிருக்கின்றன. 2020-இன் தேசியக் கல்விக் கொள்கை அதற்கு வழிவிட்டது. 2023-இல் சென்னை ஐஐடி தான்சானியாவின் சான்சிபாரில் ஒரு வளாகத்தைத் திறந்தது. வெளிநாட்டில் ஐஐடி ஒன்று அமைவது அதுவே முதல் முறை. ஆஸ்திரேலியாவின் டீக்கின், வொல்லங்காங் பல்கலைக்கழகங்கள் குஜராத்தின் கிஃப்ட் சிட்டிக்கு வந்துவிட்டன. மத்திய அரசின் என்ஐஆர்எஃப் தரவரிசை, வேறு மாநிலத்தவரும் வேறு நாட்டவரும் எத்தனை சதவீதம் என்று கேட்டு மதிப்பெண் தருகிறது. சர்வதேசத் தரவரிசையான க்யூஎஸ்ஸும் வெளிநாட்டு மாணவர் விகிதத்துக்குத் தனி மதிப்பெண் வைத்திருக்கிறது.

தலைகளை எண்ணுவது எளிது. ஆனால் ஆப்பிரிக்காவிலிருந்து வந்த மாணவரும் வடகிழக்கு மாநில மாணவரும் உள்ளூர் மாணவரும் ஒரே ஆய்வகக் குழுவில் இருந்தார்களா, விடுதியில் ஒரே அறையில் தங்கினார்களா என்று கேட்கும் பத்தி அந்தப் படிவங்களில் இல்லை. மாணவர்களிடமே விட்டால் ஊர்க்காரர் ஊர்க்காரரோடு சேர்வார். குழுவை ஆசிரியர் பிரிக்கலாம், அறையை விடுதிக் காப்பாளர் ஒதுக்கலாம். பெயரின் எழுத்து வரிசையைப் பார்த்துக் குழு பிரித்த டெல்லிப் பள்ளிகளுக்கு அதற்கென்று தனிச் செலவு எதுவும் ஆகவில்லை.