நித்திரை வைத்தியம் பயில விரும்புவோர்க்கு

குற்றாலத்தில் சாரல் பிடித்து, ஆரியங்காவுக் கணவாய் வழியே குளிர்ந்த காற்று வீசத் தொடங்கிவிட்டால், வெளியூரிலிருந்து வந்தவர்கள் அருவியில் நீராடி, வயிறார உண்டு, பட்டப்பகலிலேயே சுகநித்திரையில் ஆழ்ந்துவிடுவார்கள். அருகிலுள்ள தென்காசி வழியாகக் கொல்லம் செல்லும் 744-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் இரவெல்லாம் லாரி ஓட்டுகிறவர்களோ, புளியரைச் சோதனைச் சாவடிக்கு அப்பால் மலையேறும் வளைவுகளில் ஒரு விநாடி கண்ணயர்ந்தாலும் அனர்த்தம் நேரும் என்ற நிலையில் இருக்கிறார்கள்.

இப்படிக் கண்ணயர்வதற்கு ஒரு வியாதியும் காரணமாக இருக்கலாம். நாமோ, எட்டு மணி நேரம் படுத்தும் களைப்புடனே எழுகிறவரைச் சோம்பேறி என்கிறோம். குறட்டையை ஆழ்ந்த உறக்கத்தின் அடையாளமாகக் கொள்கிறோம். உண்மையில், தொண்டைத் தசைகள் தளர்ந்து சுவாசப் பாதை அடைபட, ரத்தத்தில் பிராணவாயு குறைய, மூளை திடுக்கிட்டு விழித்து மூச்சை மீட்பது மணிக்கு 30 தடவையோ அதற்கு மேலோ நிகழுமானால், அது கடுமையான வியாதி என்று வைத்தியர்கள் வகுத்திருக்கிறார்கள்.

இவ்வியாதிகளை ஆராயும் நித்திரை வைத்திய சாஸ்திரம் மிக இளையது. உறக்கத்தில் விழிகள் விரைந்து அசையும் ஒரு நிலை உண்டென்பதைச் சிக்காகோ சர்வகலாசாலையின் அசெரின்ஸ்கியும் கிளைட்மனும் 1953-இல் வெளியிட்டார்கள். முகமூடி வழியே காற்றழுத்தம் செலுத்தித் தொண்டையைத் திறந்து வைக்கும் சிகிச்சையை ஆஸ்திரேலியரான காலின் சல்லிவன் 1981-இல் அறிவித்தார். இன்று சென்னையில் 'நித்ரா' என்ற பெயரிலேயே ஒரு நிலையம் நடைபெறுகிறது. மலைக்கு அப்புறம் திருவனந்தபுரத்து ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிலையத்திலும் இதற்கெனப் பிரிவு உண்டு.

இதைப் பயிலும் பாதை நீண்டதுதான். 1965-இல் தோன்றிய திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி போன்ற ஓரிடத்தில் ஐந்தரை ஆண்டு எம்.பி.பி.எஸ். முடித்து, நுரையீரல், நரம்பு, மனநோய், காது மூக்கு தொண்டை ஆகிய துறைகளுள் ஒன்றில் மேற்பட்டம் பெற்று, அதன்பின்பே நித்திரை வைத்தியத்தில் தனிப்பயிற்சி கொள்ளவேண்டும். டாக்டராகாதவர்க்கும் இங்கே கௌரவமான இடமுண்டு. நோயாளியின் தலையிலும் கண்ணோரத்திலும் மோவாயிலும் மின்வாய்களை ஒட்டி, மார்பில் பட்டி கட்டி, விரலில் பிராணவாயு அளக்கும் கிளிப்பை மாட்டி, அடுத்த அறையில் விடியும்வரை விழித்திருப்பவர் டெக்னீஷியனே. அந்தப் பதிவை முப்பது விநாடிக்கு ஒரு பக்கமாகப் படிப்பதால், எட்டு மணி நேர உறக்கம் 960 பக்கமாக விரிகிறது. எந்தப் பக்கத்தையும் அசிரத்தையாகத் தள்ள இயலாது.

ஆயினும், கருவியை மாட்டுவதற்கு முன்பே நோயாளியின் மனைவியை உட்காரவைத்து நிதானமாகக் கேட்கும் பழக்கமே இவ்வுத்தியோகத்தின் அஸ்திவாரம் என்பது என் திடமான அபிப்பிராயம். "ராத்திரி மூச்சே நின்னு போவுது அய்யா, நாந்தான் தட்டி எழுப்புதேன்" என்று அந்த அம்மாள் சொல்வதிலேயே பாதி நோய் தெரிந்துவிடும். வேலை போய்விடுமோ என்று அஞ்சி ஓட்டுநர் மறைப்பதை அவர் வீட்டுப் பேச்சை அறிந்த வைத்தியர் எளிதில் கேட்டறிவார். ஆதலால் தென்காசிப் பிள்ளைகள் சிலராவது இதைக் கற்று, பெருநகரத்தில் தங்கிவிடாமல், சொந்த ஜில்லாவுக்குத் திரும்பவேண்டும் என்று விரும்புகிறேன்.