உங்களுக்குத் தெரியுமா? பால்மரக் கணக்கும் ஜாவா நிரலும்

நெகிரி செம்பிலானில் பால்மரம் இருந்த பல இடங்களில் செம்பனை வந்தாயிற்று. தோட்டத்து லயங்களில் இருந்த குடும்பங்களில் பல தாமான் வீடுகளுக்குக் குடிபோய்விட்டன. அந்தக் குடும்பங்களின் பிள்ளைகள் இப்போது இடைநிலைப்பள்ளியிலும் நீலாய், போர்ட்டிக்சன் கல்லூரிகளிலும் ஜாவா நிரல் எழுதுகிறார்கள். திரையில் பிழைச் செய்தி வந்ததும் "நமக்கு இது வராது" என்று மடிக்கணினியை மூடிவிடுகிறவர்களுக்காகவே இந்த வாரத் துணுக்குகள்.

● மூன்று மொழியில் ஒரு பாடம்
லின்சம், பிராட்வால், சுவா பெத்தோங், ஜெராம் பாடாங் என்று இம்மாநிலத் தமிழ்ப்பள்ளிகள் பல இன்னும் தோட்டத்தின் பெயரையே தாங்கி நிற்கின்றன. அங்கே ஆறு ஆண்டு தமிழில் படித்த பிள்ளை, படிவம் ஒன்றில் மலாய்க்கு மாறுகிறது. படிவம் நான்கில் கணினி அறிவியல் எடுத்தால் முதல் இயலே நிரலாக்கம். அதற்கான மொழி ஜாவா. பாடநூல் மலாயில் இருக்கும், பிழைச் செய்தி ஆங்கிலத்தில் வரும். பிள்ளை தடுமாறுவது பல நேரம் அந்தச் செய்தியின் ஆங்கிலத்தில்தான். கணக்கு அதற்குத் தெரிந்தே இருக்கும். அடிக்கடி வரும் செய்திகள் சிலவே. அவற்றை ஒரு நோட்டில் எழுதி, பக்கத்திலேயே தமிழில் பொருளும் குறித்துவைத்தால் பாதி பயம் போய்விடும்.

● டிவி பெட்டிக்காகப் பிறந்தது
1991-இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தில் ஜேம்ஸ் கோஸ்லிங் குழுவினர் வீட்டு மின்கருவிகளுக்காக ஒரு மொழியை உருவாக்கத் தொடங்கினார்கள். அந்தச் சந்தை கைகொடுக்கவில்லை, இணையம் கைகொடுத்தது. 1995 மே 23-இல் ஜாவா என்ற பெயரில் வெளியுலகுக்கு வந்தது. 2010 முதல் அது ஆரக்கிள் நிறுவனத்தின் வசம் உள்ளது.

● பிழை மூன்று வகை
இலக்கணப் பிழை என்றால் நிரல் ஓடவே ஓடாது. ஓடுநேரப் பிழை என்றால் ஓடிக்கொண்டிருக்கும்போதே நின்றுவிடும். தருக்கப் பிழைதான் பொல்லாதது: நிரல் சத்தமில்லாமல் ஓடி முடிந்து தவறான விடையைத் தரும். உதவி கேட்கப் போகுமுன் நம்முடையது எந்த வகை என்று தெரிந்துகொண்டாலே, பார்க்கவேண்டிய இடம் பாதியாகக் குறைந்துவிடும்.

● நூறோடு நிறுத்திக்கொள்ளும்
எத்தனை பிழை இருந்தாலும், நாமாக மாற்றிச் சொல்லாதவரை ஜாவா தொகுப்பி (கம்பைலர்) 100 பிழைகளுக்கு மேல் அச்சிடாது. நூறையும் பார்த்து மிரள வேண்டாம். விட்டுப்போன ஓர் அடைப்புக்குறியே பத்துப் பதினைந்து பிழைகளைக் கிளப்பிவிடும். முதல் பிழையை மட்டும் திருத்திவிட்டு மறுபடி ஓட்டுங்கள். இன்னொன்று: மூடும் அடைப்பு ஒன்று குறைந்தால் பிழை கோப்பின் கடைசி வரியில் இருப்பதாகச் செய்தி வரும். குறை இருப்பதோ எங்கோ நடுவில்.

● நாற்பது கிலோ பாலுக்குப் பூஜ்யம்
பால்மரம் வெட்டுகிறவர் கொண்டுவந்த பாலை நிறுத்து, மெட்ரோலாக்கை முக்கி, அதில் உலர் ரப்பர் எத்தனை விழுக்காடு என்று பார்ப்பது தோட்ட வழக்கம். 40 கிலோ பால், 35 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். ஜாவாவில் முழு எண்களாக 35 / 100 * 40 என்று எழுதினால் விடை 0! இரண்டு முழு எண்களை வகுத்தால் ஜாவா புள்ளிக்குப் பின்னால் வருவதை வெட்டி எறிந்துவிடும். 35 / 100 என்ற இடத்திலேயே விடை பூஜ்யமாகிவிடுகிறது. 40 * 35 / 100 என்று மாற்றினால் 14 வரும். ஆனால் பால் 42 கிலோ என்றால் 14.7 வரவேண்டிய இடத்தில் மறுபடி 14தான். 100-ஐ 100.0 என்று எழுதிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும்.

● முப்பத்தொன்றும் ஒன்றும்
மரத்துக்கு ஓய்வு வேண்டும் என்பதால் நாள் விட்டு நாள் வெட்டுவது பழைய முறை. ஒருவருக்கு இரண்டு பங்கு மரங்கள். இன்று ஒரு பங்கு, நாளை மறு பங்கு. இதை நிரலாக்கும் மாணவர் தேதியை இரண்டால் வகுத்து மீதியைப் பார்ப்பார்: ஒற்றைத் தேதிக்கு முதல் பங்கு, இரட்டைத் தேதிக்கு இரண்டாம் பங்கு. மாதம் முழுக்கச் சரியாக ஓடும். 31-ஆம் தேதியும் மறுநாள் 1-ஆம் தேதியும் ஒற்றையாக வரும்போது, ஒரே மரத்தை அடுத்தடுத்து இரண்டு நாள் வெட்டச் சொல்லும். தருக்கப் பிழைக்கு இதைவிட நல்ல பாடம் வேண்டாம். 2014-இல் வந்த ஜாவா 8-இல் உள்ள லோக்கல்டேட் என்ற தேதிக் கருவி, 1970 ஜனவரி 1-லிருந்து எத்தனையாவது நாள் என்று எண்ணிச் சொல்லும். அந்த எண்ணை வகுத்தால் மாதக் கடைசியில் தொல்லை இல்லை.

● ஐந்து காசுச் சூத்திரம்
மலேசியாவில் 2008 ஏப்ரல் 1 முதல் ரொக்கமாகக் கட்டும் பில் தொகை ஐந்து காசுக்குச் சரிசெய்யப்படுகிறது. இதற்கு நீண்ட நிபந்தனைகள் தேவையில்லை. தொகையைக் காசாக மாற்றி (காசு + 2) / 5 * 5 என்று எழுதினால் போதும். 12 காசு 10 ஆகும், 13 காசு 15 ஆகும். பால் கணக்கில் காலை வாரிய அதே முழு எண் வகுத்தல் இங்கே நமக்காக வேலை செய்கிறது. பணத்தைத் தசம எண்ணுக்கான 'டபுள்' வகையில் வைப்பது மட்டும் வேண்டாம்: 0.1 + 0.2 என்று கேட்டால் ஜாவா 0.30000000000000004 என்று சொல்லும்.

● பெயரைக் கேட்காமல் தாண்டும் நிரல்
முதலில் தொழிலாளியின் எண், அடுத்து பெயர் என்று கேட்கும் நிரல். எண்ணைத் தட்டி என்டர் அழுத்தியதும் பெயருக்கு நிற்காமல் ஓடிவிடுகிறது. கணினியில் பழுதில்லை. நாம் தட்டுவதைப் படிக்கும் ஸ்கேனர் என்ற ஜாவா கருவியின் நெக்ஸ்ட்இன்ட் எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு என்டரை அங்கேயே விட்டுவிடும். அடுத்து வரும் நெக்ஸ்ட்லைன் அந்த என்டரைத் தின்றுவிட்டு வெறும் வரியைத் திருப்பித் தரும். இடையில் இன்னொரு நெக்ஸ்ட்லைன் போட்டால் தீர்ந்தது. ஜாவா படிக்கும் யாரும் ஒருமுறையாவது இதில் மாட்டாமல் இருக்க மாட்டார்கள்.

● ஒரே பெயர், ஆனால் ஒன்றல்ல
நிரலுக்குள்ளேயே "ரவி" என்று இரண்டு இடத்தில் எழுதி == போட்டு ஒப்பிட்டால் 'சரி' என்று வரும். பயனர் "ரவி" என்று தட்டியதை ஒப்பிட்டால் 'தவறு' என்று வரும். சரங்களுக்கு, அதாவது எழுத்துத் தொடர்களுக்கு, == கேட்பது "இரண்டும் நினைவகத்தில் ஒரே பொருளா?" என்ற கேள்வி. எழுத்துகள் ஒன்றா என்று பார்க்க ஈக்வல்ஸ் வேண்டும்.

● அம்மாவுக்கு எத்தனை எழுத்து?
நமக்கு மூன்று: அ, ம், மா. ஜாவாவிடம் நீளம் கேட்டால் ஐந்து என்கிறது. யுனிகோடில் அ ஒன்று, ம ஒன்று, புள்ளி ஒன்று, மறுபடி ம ஒன்று, கால் ஒன்று. 'சரத்தைத் திருப்பிப்போடு' என்ற வழக்கமான பயிற்சியைத் தமிழ்ச் சொல்லில் செய்து பாருங்கள். காலும் புள்ளியும் இடம் மாறிக் கன்னாபின்னாவென்று வரும். தவறு உங்களுடையது இல்லை. கண்ணுக்குத் தெரியும் எழுத்தாக எண்ண, பிரேக்இட்டரேட்டர் என்ற கருவி ஜாவாவிலேயே இருக்கிறது.

● மாறிக்குத் தமிழ்ப் பெயர்
'சம்பளம்', 'எடை' என்று தமிழிலேயே மாறிகளுக்குப் பெயர் வைக்கலாம், ஜாவா ஏற்றுக்கொள்ளும். மொழியின் கட்டளைச் சொற்கள் மட்டும் ஆங்கிலத்தில் இருக்கும். தமிழ் கேள்விக்குறிகளாகத் தெரிந்தால் குறியாக்கத்தைப் பாருங்கள். 2022-இல் வந்த ஜாவா 18 முதல் யுடிஎஃப்-8 தான் இயல்பு. விண்டோஸின் கறுப்புத் திரை மட்டும் இன்னும் சில நேரம் முரண்டு பிடிக்கும்.

● நூறு கோடி டாலர் தவறு
'நல்' என்ற வெற்றுச் சுட்டியை 1965-இல் அல்கால் டபிள்யூ மொழிக்காகக் கொண்டுவந்தவர் பிரிட்டன் அறிஞர் டோனி ஹோர். 2009-இல் அவரே அதைத் தம்முடைய நூறு கோடி டாலர் தவறு என்றார். புதியவர்களை அதிகம் அலைக்கழிக்கும் 'நல் பாயின்டர்' பிழை அதன் வாரிசு. முன்பெல்லாம் ஜாவா வரி எண்ணை மட்டும் காட்டும். ஜாவா 15 முதல், எந்த மாறி வெறுமையாக இருந்தது என்பதையும் தானாகவே சொல்லிவிடுகிறது. பழைய பதிப்பை வைத்துக்கொண்டு மல்லுக்கட்டாதீர்கள்.

● ஆசானும் சறுக்கிய இடம்
ஜாவாவின் சொந்த நூலகத்தில் இருமத் தேடலை (பட்டியலைப் பாதி பாதியாகக் குறைத்துத் தேடும் முறையை) எழுதியவர் ஜோஷுவா பிளாக். அதில் இரண்டு எண்களைக் கூட்டி இரண்டால் வகுக்கும் ஒரு வரி. கூட்டுத்தொகை 2,147,483,647-ஐத் தாண்டினால் அது எதிர்மறை எண்ணாகிவிடும். ஏறத்தாழ ஒன்பது ஆண்டு அந்தப் பிழை யார் கண்ணிலும் படாமல் கிடந்தது. 2006-இல் பிளாக் தாமே அதை வெளிப்படையாக எழுதினார். அவருக்கே வெட்கமில்லை, படிவம் நான்கு மாணவருக்கு எதற்கு?

● ரப்பர் வாத்திடம் சொல்
1999-இல் வெளியான 'தி பிராக்மாட்டிக் புரோகிராமர்' நூலில் ஒரு வழி இருக்கிறது: ஒரு ரப்பர் வாத்தை மேசையில் வைத்து, நிரலை வரி வரியாக அதற்கு விளக்குங்கள். விளக்கும்போதே பிழை பிடிபடும். வாத்து கிடைக்காவிட்டால் பாட்டி போதும். "இந்த வரி என்னடா பண்ணுது?" என்று அவர் கேட்டால் இன்னும் நல்லது.

● முதல் நிரல் சுருங்கியது
'பப்ளிக் ஸ்டேட்டிக் வாய்டு மெயின்' என்ற பொருள் புரியாத மந்திரத்தை மனப்பாடம் செய்துதான் ஜாவாவுக்குள் நுழைய வேண்டியிருந்தது. 2025 செப்டம்பரில் வந்த ஜாவா 25-இல் 'வாய்டு மெயின்' போதும். அதைச் சுற்றி வகுப்பு எழுத வேண்டியதில்லை. புதியவர்களுக்கென்றே உருவான புளூஜே என்ற இலவச மென்பொருளும் உண்டு. 1999-இல் ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகத்தில் பிறந்தது. பொருள்களைப் பெட்டிகளாகக் காட்டும். சொடுக்கிப் பார்த்தே பாடம் புரியும்.

● வீட்டில் கணினி இல்லையா?
ஜாவா இலவசம். கணினி இல்லாதவர்கள் பக்கத்தில் உள்ள 'நாடி' மையத்தை விசாரிக்கலாம். முன்பு 'பெடி' என்று அழைக்கப்பட்டதுதான். கணினி, இணையம், பயிற்சி மூன்றும் அங்கே உண்டு. கைப்பேசி மட்டும் இருந்தால் இணையத்தில் இயங்கும் தொகுப்பிகளில் சிறிய நிரல்களை ஓட்டிப் பழகலாம்.

● நம்மவர் கையில் ஜாவா
1985-இல் முரசு அஞ்சல் என்ற தமிழ் மென்பொருளைத் தந்த மலேசியத் தமிழர் முத்து நெடுமாறன், 2005-இல் செல்லினம் என்ற செயலியைக் கொண்டுவந்தார். ஸ்மார்ட்போன் பரவாத அந்தக் காலத்தில் ஜாவா ஓடும் கைப்பேசிகளில் தமிழில் குறுஞ்செய்தி அனுப்ப அது வழிசெய்தது. தமிழ்நாட்டில் இயங்கும் ஸ்ரீதர் வேம்புவின் ஜோஹோ நிறுவனம் 1996-இல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கியபோது, அதன் பிணைய மென்பொருள்கள் ஜாவாவில் எழுதப்பட்டவை. பள்ளிப்படிப்பு முடித்த பிள்ளைகளை உதவித்தொகை கொடுத்துச் சேர்த்து நிரலாக்கம் கற்றுத்தரும் பள்ளியையும் அந்நிறுவனம் நடத்துகிறது. தென்காசிப் பக்கத்துக் கிராமத்துப் பிள்ளைகளும் அதில் படிக்கிறார்கள்.

● கேட்கத் தெரிந்தால் பாதி விடை
"அண்ணே, புரோகிராம் ஓட மாட்டேங்குது" என்று வாட்ஸ்அப்பில் அனுப்பினால் எந்த அண்ணனாலும் உதவ முடியாது. நான்கைச் சொல்லுங்கள்: என்ன கொடுத்தேன், என்ன வரணும், என்ன வந்தது, பிழைச் செய்தி என்ன. செய்தியை முழுசாக எழுத்தாகவே ஒட்டுங்கள். திரையைச் சாய்த்து எடுத்த படம் வேண்டாம். இருநூறு வரியையும் அனுப்பாமல், பிழை வருகிற அளவுக்கு நிரலைச் சுருக்குங்கள். சுருக்கும்போதே பல பிழைகள் தாமாக வெளிப்பட்டுவிடும். அப்படியும் தெரியாவிட்டால் இப்படிக் கேளுங்கள்: "அண்ணே, எடை 40, விழுக்காடு 35 கொடுத்தேன். 14 வரணும், 0 வருது. பிழைச் செய்தி எதுவும் இல்ல. வரி இதுதான்." பதில் ஒரு நிமிடத்தில் வந்துவிடும்: "தம்பி, 100-க்குப் பின்னாடி .0 போடு."