சனிக்கிழமை டைரக்டர்!

ஆறாயிரம் டாலரில் ஒரு முழு சினிமா எடுக்க முடியுமா? முடியும் என்கிறது 'ஃபாலோயிங்'. 1998-ல் வந்த இங்கிலீஷ் படம். கறுப்பு வெள்ளை. மொத்தமே 70 நிமிஷம். நம் ஊர்ப் படத்துக்கு இன்டர்வெல் விடுகிற நேரத்தில் இங்கே படமே முடிந்துவிடும்!

நான் பி.காம். பார்ட்டி. எதிலும் முதலில் கணக்குதான் பார்ப்பேன். ஆறாயிரம் டாலர் என்பது அன்றைய ரேட்டில் சுமார் இரண்டரை லட்ச ரூபாய். பெரிய படங்களில் டீ, டிபன் செலவுக்கே பற்றாது.

கதை? லண்டனில் வேலைவெட்டி இல்லாத ஒரு பையன். எழுத்தாளர் ஆகிற ஆசை. கதைக்குச் சரக்கு தேடித் தெருவில் போகிறவர்களைப் பின்தொடர்கிறான். 'ஒரே ஆளை இரண்டாம் தடவை தொடரக் கூடாது' என்று தனக்குத்தானே ஒரு சட்டம். அதை மீறுகிறான். மாட்டிக்கொள்கிறான். மாட்டிய இடம் காப் என்கிற டிப்டாப் திருடனிடம். காப்புக்குப் பணம் பெரிசில்லை. அடுத்தவன் வீட்டுக்குள் புகுந்து, அவன் அந்தரங்கத்தைக் கலைத்துப் பார்ப்பதில் ஒரு ருசி. நம்ம பையனும் கூடவே கிளம்புகிறான். அப்புறம் ஒரு பெண், அவளுக்குப் பின்னால் ஒரு தாதா... மிச்சத்தைச் சொன்னால் நீங்கள் என்னைப் பின்தொடர்ந்து வந்து உதைப்பீர்கள்.

காட்சிகளைச் சீட்டுக்கட்டு மாதிரி கலைத்துப் போட்டிருக்கிறார்கள். குழம்ப வேண்டாம். ஹீரோவின் தலையைப் பாருங்கள். பரட்டை என்றால் ஆரம்பம். முடிவெட்டி, கோட்டு மாட்டியிருந்தால் நடுவில். முகம் வீங்கியிருந்தால் பையன் நன்றாக வாங்கிவிட்டான் என்று அர்த்தம்!

குறை இல்லாமலா? சில இடங்களில் நடிப்பு, ஸ்கூல் பையன் பாடம் ஒப்பிக்கிற மாதிரி. அந்தப் பெண் கேரக்டர் பழைய க்ரைம் படங்களில் கடன் வாங்கியது. கடைசியில் முடிச்சை அவிழ்க்கிற அவசரத்தில் எல்லாவற்றையும் பேசியே தீர்க்கிறார்கள்.

இருந்தும் ஏன் பார்க்கச் சொல்கிறேன்? எடுத்தவர்கள் எல்லோரும் வேலைக்குப் போகிறவர்கள். ஷூட்டிங் சனிக்கிழமைகளில் மட்டும். கிட்டத்தட்ட ஒரு வருஷம்! ஃபிலிம் விலை ஜாஸ்தி. அதனால் மேடை நாடகம் மாதிரி ஒத்திகை பார்த்துவிட்டு, ஒன்றிரண்டு டேக்கில் ஓகே. லைட்டுக்குக் காசில்லை, ஜன்னல் வெளிச்சம் போதும். கதை எழுதியவரே கேமராவும் பிடித்தார். இல்லாத வெளிச்சமே படத்துக்கு ஒரு மர்மத்தைக் கொடுத்துவிட்டது.

அந்த சனிக்கிழமை டைரக்டர், கிறிஸ்டோபர் நோலன். 2000-ல் 'மெமென்டோ', 2005-ல் 'பேட்மேன் பிகின்ஸ்', 2024-ல் 'ஓப்பன்ஹைமர்' படத்துக்காக ஆஸ்கார். 'ஃபாலோயிங்' ஹீரோவின் அறைக் கதவில் ஒரு பேட்மேன் ஸ்டிக்கர் இருக்கிறது, கவனியுங்கள்.

"டைமே இல்லை சார்" என்று புலம்புகிற ஆபீஸ் நண்பர்களே, வருஷத்துக்கு 52 சனிக்கிழமை. கேமராவோ உங்கள் சட்டைப் பையில், செல்போனுக்குள்ளேயே இருக்கிறது. தாராளமாக ஆரம்பியுங்கள்.

ஆனால் கதைக்காக யார் பின்னாலும் மட்டும் போய்விடாதீர்கள். நம் ஊரில் காப் வரமாட்டான், தர்ம அடிதான் வரும்!