பழைய மோட்டார் வண்டியும் அதன் எஞ்சினும்

பழைய மோட்டார் வண்டி வாங்கப் புறப்படுகிறவருக்கு எங்கள் வீரபாண்டிப் பக்கத்தில் ஒரு யோசனை இலவசமாகவே கிடைக்கும். "டீசல் வண்டியாகப் பாருங்கள், அதுதான் உழைக்கும்" என்பார்கள். இதில் எவ்வளவு உண்மை உண்டு என்று ஆராய்வோம். கடன் பட்டு ஒரு பழைய ஜீப்பை வாங்கிப் பிழைக்க முற்படும் குடும்பத்தில், ஆறே மாதத்தில் எஞ்சின் படுத்துவிட்டால் கடன் மட்டுமே மிஞ்சும்.

இவ்விரு எஞ்சின்களுக்கும் உள்ள அடிப்படை வேற்றுமை தீ மூட்டும் விதத்தில் இருக்கிறது. பெட்ரோல் எஞ்சினில், காற்றும் பெட்ரோலும் கலந்த கலவையை உருளைக்குள் ஏறத்தாழ 8 முதல் 12 மடங்கு வரை நெருக்கி, 'பிளக்' தரும் மின்பொறியால் கொளுத்துகிறோம். டீசல் எஞ்சினில் பொறிக்கு வேலை இல்லை. காற்றை மட்டும் 15 முதல் 22 மடங்கு வரை நெருக்குகிறோம். சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பாகம் சுடுவதை நீங்கள் தொட்டு அறிந்திருப்பீர்கள். (பௌதிகப் பாடத்திலும் படித்திருப்பீர்கள், பரீட்சைக்குப் பின் மறந்திருக்கவும் கூடும்.) அதே உஷ்ணம் இங்கே 500 பாகை செல்சியஸுக்கு மேல் ஏறுகிறது. அந்தக் காற்றில் டீசலைப் பீச்சியதும் அது தானே பற்றிக்கொள்கிறது. ஜெர்மானியரான ருடால்ஃப் டீசல் 1897இல் ஆக்ஸ்பர்க் நகரில் இவ்வகை எஞ்சினை வெற்றியுடன் இயக்கிக் காட்டினார்.

இத்தகைய அழுத்தத்தைத் தாங்க வேண்டுமாயின் உருளையும் பிஸ்டனும் கிராங்குத் தண்டும் கனமாக அமைந்தே தீரவேண்டும். மேலும், டீசல் எஞ்சின் மெதுவாகச் சுழலும்போதே நன்றாக இழுக்கும். மகிந்திரா நிறுவனம் முதலில் தந்த ஜீப்புகள் பெட்ரோலில் ஓடியவை. ஆயினும் ஏலத்தோட்டத் தொழிலாளரை ஏற்றிக்கொண்டு போடிமெட்டு வளைவுகளில் ஏறும் வேலையை டீசல் ஜீப்புகளே பிற்காலத்தில் பிடித்துக்கொண்டன. எரிபொருட் செலவு குறைவு என்பது ஒரு காரணம். பாரத்தோடு நிதானமாக ஏறும் வேலை அந்த எஞ்சினின் இயல்புக்கு ஒத்தது என்பது மற்றொன்று.

ஊரார் சொல்லாமல் விடுவது ஒன்று உண்டு. டீசலின் பலவீனம் அதன் பம்பிலும் நாசிலிலும் இருக்கிறது. மயிரிழையினும் நுண்ணிய இடைவெளியில் இயங்கும் பாகங்கள் அவை. சிறிது தண்ணீரோ தூசியோ கலந்த டீசல் அவற்றைக் கெடுத்துவிடும். பழுது அடிக்கடி வராது, வந்தால் பெருஞ்செலவு. பழைய பெட்ரோல் வண்டியிலோ பிளக்கும் பாயிண்டும் கார்புரேட்டரும் ஓயாமல் தொல்லை தரும். ஆனால் பெரும்பாலும் சில்லறைச் செலவில் சரியாகிவிடும்.

2020 ஏப்ரலில் பாரத் ஸ்டேஜ் 6 விதிகள் நடைமுறைக்கு வந்தபின் தயாரான டீசல் கார்களில், புகைக்குழாயில் கரியைப் பிடிக்கும் வடிகட்டி உண்டு. நெடுந்தூரம் ஓடிச் சூடேறினால்தான் அந்தக் கரி எரிந்து நீங்கும். கடைத்தெருவுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் மட்டுமே போய்வந்த டீசல் கார், குறைவாக ஓடியது என்பதாலேயே நல்ல கார் ஆகிவிடாது. அத்தகைய சிறு பிரயாணங்களே போதும் என்பவர் பெட்ரோலை நாடுவதே என் அபிப்பிராயத்தில் சரி.

பார்க்கப் போகிறவர் விடியற்காலையில் போகட்டும். முதலில் எஞ்சின் மூடியின்மேல் உள்ளங்கையை வைத்துப் பார்க்கட்டும். சூடாக இருந்தால், முன்கூட்டியே ஏன் ஓட்டினீர்கள் என்று கேட்க வேண்டும். குளிர்ந்த எஞ்சின்தான் தன் குறையை மறைக்காது. ஓடவிட்டபின் நீலப்புகை வந்தால் எஞ்சின் ஆயில் உள்ளே எரிகிறது. டீசலில் விடாமல் கரும்புகை வந்தால் நாசிலையோ காற்று வடிகட்டியையோ சந்தேகிக்கலாம். எஞ்சின் ஓடும்போதே ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் புகை குபுகுபுவென்று வெளிவருகிறதா? பிஸ்டன் வளையங்கள் தேய்ந்திருக்கக் கூடும். கிலோமீட்டர் காட்டும் கருவியை இவற்றுக்கெல்லாம் பிறகு பார்த்தால் போதும்.