மின்சிகரெட் திரவத்தின் சுவையை விரைவுபடுத்தும் முயற்சி: குப்பிக்குள் நடப்பது என்ன?

புதுடெல்லி: மின்னணு சிகரெட்டுகளுக்கான திரவத்தை வீட்டிலேயே கலந்துகொள்ளும் பழக்கம் பிரிட்டன், அமெரிக்கா போன்ற நாடுகளில் நிலவி வருகிறது. கலந்த திரவத்தைச் சில நாள்கள் முதல் சில வாரங்கள் வரை இருட்டான இடத்தில் ஊறவைத்து, சுவை ஒன்றுசேர்ந்த பின்னரே பயன்படுத்துகின்றனர். 'ஸ்டீப்பிங்' எனப்படும் இக்காத்திருப்பைச் சுருக்க, குப்பியை வெந்நீரில் வைப்பது, நகைகளைத் தூய்மைப்படுத்தும் மீயொலிக் கருவியில் இடுவது, மூடியைத் திறந்து காற்றாட விடுவது ஆகிய வழிகளைச் சிலர் கையாள்கின்றனர்.

பிரிட்டனில் இப்பழக்கத்துக்கு விதிமுறையும் ஒரு காரணம். நிகோட்டின் கலந்த திரவத்தை 10 மில்லிலிட்டருக்கு மேற்பட்ட குப்பியிலோ, மில்லிலிட்டருக்கு 20 மில்லிகிராமுக்கு மேற்பட்ட செறிவிலோ அங்கு விற்க முடியாது. எனவே நிகோட்டின் இல்லாத பெரிய குப்பியை வாங்கி, நிகோட்டினைத் தாமே சேர்த்துக்கொள்வோர் உண்டு.

இத்திரவத்தின் பெரும்பகுதி புரோப்பிலீன் கிளைக்காலும் கிளிசரினும் ஆகும். கிளிசரின் தேன்போல் கெட்டியானது, சூடுபட்டால் இளகும். ஆகவே இளஞ்சூடும் குலுக்கலும் கலத்தலை விரைவுபடுத்துகின்றன என்பது உண்மையே. ஆனால், சீராகக் கலப்பதற்கு வாரக்கணக்கில் காத்திருக்கத் தேவையில்லை. நாள்பட நாள்படச் சுவை மாறுவதில் வேதிவினைகளுக்கும் பங்கு உண்டு. வெப்பம் அவ்வினைகளையும் சேர்த்தே முடுக்கிவிடுகிறது. வேண்டியது, வேண்டாதது என்ற பாகுபாடு அதற்குக் கிடையாது.

அமெரிக்காவின் யேல், டியூக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018-ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு இதில் முக்கியமானது. வெனிலா, லவங்கப்பட்டை, செர்ரி போன்ற சுவைகளைத் தரும் ஆல்டிஹைடுகள் புரோப்பிலீன் கிளைக்காலுடன் வினைபுரிந்து, அசிட்டால் எனும் புதிய சேர்மங்களாக மாறுவதை அவர்கள் கண்டறிந்தனர். சில ஆல்டிஹைடுகளில் ஏறத்தாழ 40 சதவீதம் இவ்வாறு மாறியது. கருவியைச் சூடாக்கவே தேவையில்லை. அறை வெப்பநிலையில், குப்பிக்குள்ளேயே இது நிகழ்ந்தது. உருவான அசிட்டால்களில் 50 முதல் 80 சதவீதம் ஆவியிலும் இடம்பெற்றது. மூச்சுப்பாதையில் எரிச்சலை உணர்த்தும் நரம்பு ஏற்பிகளை, மூல ஆல்டிஹைடுகளைக் காட்டிலும் இவை வலுவாகத் தூண்டின. 'முதிர்ந்த சுவை' என்று பாராட்டப்படுவதில் இதற்கும் பங்கிருக்கலாம். குப்பியின் மேலுள்ள பட்டியலில் மட்டும் இதன் பெயர் இருக்காது.

திரவம் பழுப்பு நிறம் அடைவதைப் பலர் பக்குவத்தின் அடையாளமாகக் கருதுகின்றனர். காற்று, ஒளி, வெப்பம் பட்டு நிகோட்டின் ஆக்சிஜனேற்றம் அடைவதும் நிறம் மாறுவதற்கு ஒரு காரணம்; அது பக்குவம் அன்று, சிதைவு. மூடியைத் திறந்து சூடாக்கினால் பழ மணம் தரும் எஸ்டர்கள் முதலில் ஆவியாகி வெளியேறிவிடும். சுவையைத் தேடிச் செய்யும் வேலையில் சுவையே பறிபோகிறது.

வெண்ணெய்ச் சுவைக்குப் பயன்படும் டைஅசிட்டைல் மற்றொரு கவலை. அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில் பாப்கார்ன் ஆலை ஒன்றின் முன்னாள் தொழிலாளர்கள் எட்டுப் பேருக்கு, நுரையீரலின் நுண்குழல்கள் தழும்பேறி அடைபடும் நோய் இருந்தது 2000-ஆம் ஆண்டு தெரியவந்தது. பின்னர் டைஅசிட்டைல் மீது ஐயம் திரும்பியது. அதற்கு மாற்றாகச் சேர்க்கப்படும் அசிட்டாயினும், திரவம் இருப்பில் உள்ளபோது டைஅசிட்டைலாக மாறக்கூடும் என்பது ஆய்வுகளில் தெரியவந்துள்ளது.

உணவுக்கு ஏற்ற சுவையூட்டிதானே என்ற வாதம் இங்கு எடுபடாது. அந்த ஒப்புதல் உண்பதற்கு உரியது. ஊறுகாயை வெயிலில் வைத்து ஊறவைப்பதற்குப் பொருந்தும் நியாயம், நுரையீரலுக்குள் இழுக்கும் ஆவிக்குப் பொருந்தாது.

அடர் நிகோட்டின் தோல் வழியாகவும் உடலில் சேரும். அதனை வெந்நீரிலும் அதிர்வுக் கருவியிலும் வைத்துக் கையாளும்போது சிந்தும் வாய்ப்பு கூடுகிறது. அமெரிக்காவில் 2014 டிசம்பரில் ஒரு வயதுக் குழந்தை திரவ நிகோட்டினால் உயிரிழந்த பின்னர், குழந்தைகளால் திறக்க இயலாத மூடியைக் கட்டாயமாக்கும் சட்டம் அங்கு இயற்றப்பட்டது.

இந்தியாவில் 2019-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, மின்னணு சிகரெட்டுகளைத் தயாரிப்பதும், இறக்குமதி செய்வதும், விற்பதும், விளம்பரப்படுத்துவதும் தடை செய்யப்பட்டுள்ளன. நிகோட்டின் இல்லாதவையும் இத்தடைக்கு உட்பட்டவையே. முதல்முறை மீறினால் ஓராண்டு வரை சிறை, அல்லது ரூ.1 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். இருப்பு வைத்தலுக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ரூ.50 ஆயிரம் வரை அபராதம், அல்லது இரண்டும் என்று சட்டம் கூறுகிறது.