திருக்கடையூர் போறவங்க தரங்கம்பாடிக்கும் போயிட்டு வாங்களேன்!

அறுபதாம் கல்யாணம், எண்பதாம் கல்யாணம், ஆயுஷ் ஹோமம் என்று நம் குடும்பங்களில் யாராவது திருக்கடையூர் போய்க்கொண்டுதான் இருக்கிறோம். போனோமா, அபிராமியைக் கும்பிட்டோமா, இலை போட்டுச் சாப்பிட்டோமா, வேனில் ஏறினோமா என்று ஊர் திரும்பிவிடுகிறோம். அங்கிருந்து ஏழெட்டு கிலோமீட்டர் போனால் கடலை ஒட்டி ஒரு கோட்டை நிற்கிறது. நானூறு வருஷம் ஆகிறது. நம்மில் எத்தனை பேர் பார்த்திருப்போம்?

எங்கள் மாமனாருக்கு அறுபதாம் கல்யாணம் அங்கேதான் நடந்தது. திருச்சியிலிருந்து ஒரு வேன் நிறைய ஆட்கள். என் அம்மாவும் வந்திருந்தார். அப்பா போய் ஆறு வருஷமாகிறது. கலச நீர் ஊற்றும் நேரம், எல்லா சொந்தக்காரர்களும் சுற்றி நின்றார்கள். அப்போது எங்கள் புகுந்த வீட்டுப் பக்கம் வயதான உறவு ஒருத்தர், "சம்பந்தியம்மா, நீங்க கொஞ்சம் பின்னால இருந்துக்கங்க" என்று சொல்லிவிட்டார். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. சிரித்த முகமாகவே தூண் ஓரம் போய் நின்றுகொண்டார். "அம்மா, இங்கே வா" என்று நான் கையைப் பிடித்து இழுத்தும் வரவில்லை. "நல்ல நாள்ல எதுக்கும்மா வம்பு" என்பதோடு சரி. அதை எங்கள் அத்தையும் மணையில் உட்கார்ந்தபடியே பார்த்துவிட்டார்.

சாப்பாடு முடிந்து வேனில் ஏறினதும், "பக்கத்துலதான தரங்கம்பாடி, பிள்ளைங்களுக்குக் காட்டிட்டுப் போகலாம்" என்றேன். பெண் எட்டாவது படிக்கிறாள், பையன் ஐந்தாவது. என் கணவருக்கோ கண்ணைச் சுழற்றியது. "கோட்டையில என்ன இருக்கு? நாலு செவுரு நிக்கும்" என்றார். அப்போது பின் சீட்டிலிருந்து அம்மாவின் குரல் கேட்டது. "நான் பத்து வயசுல அந்தக் கோட்டைக்குள்ள உக்காந்து தயிர்சாதம் சாப்பிட்டிருக்கேன் மாப்பிள்ளை."

அவ்வளவுதான், வேன் திரும்பிவிட்டது!

அம்மாவுக்குப் பிறந்த ஊர் மாயவரம். (மயிலாடுதுறை என்று பேர் மாறி எத்தனையோ வருஷம் ஆகியும் அம்மாவுக்கு அது மாயவரம்தான்.) அந்தக் காலத்தில் மாயவரத்திலிருந்து தரங்கம்பாடிக்குச் சின்ன ரயில் உண்டு. 1926ல் விட்ட ரயிலாம், 1986ல் நிறுத்திவிட்டார்கள். செம்பனார்கோவில், ஆக்கூர், திருக்கடையூர், தில்லையாடி, பொறையார் என்று நிலையத்தின் பெயர்களை அம்மா மந்திரம் மாதிரி சொல்லிக்கொண்டே வந்தார். வழியில் தில்லையாடி கைகாட்டியைப் பார்த்ததும், காந்திஜியோடு தென்னாப்பிரிக்காவில் போராடி ஜெயிலுக்குப் போய், 1914ல் பதினாறு வயதில் இறந்துபோன வள்ளியம்மையின் பெற்றோர் ஊர் இதுதான் என்று பெண்ணுக்குச் சொன்னார். அவருக்கு அங்கே நினைவு மண்டபமும் இருக்கிறது. நேரமில்லாததால் நாங்கள் இறங்கவில்லை.

ஊருக்குள் நுழையும்போதே வெள்ளை வெளேரென்று ஒரு வாசல் வருகிறது. 1792ல் கட்டியது. மேலே டென்மார்க் ராஜா முத்திரை. அதற்குள் போனால் ராஜ வீதி. இரண்டு பக்கமும் பெரிய தூண் வைத்த வீடுகள், தேவாலயங்கள். வீதி முடிகிற இடத்தில் கடலும், வலது கைப் பக்கம் கோட்டையும். டேன்ஸ்போர்க் என்று அதற்குப் பெயர். 1620ல் டென்மார்க்கிலிருந்து ஓவ கெத் என்ற கப்பல் தளபதி வந்து, தஞ்சாவூர் ரகுநாத நாயக்கரிடம் ஒப்பந்தம் போட்டுக் கட்டியது. மிளகும் மற்ற சரக்குகளும் வாங்கி அனுப்பத்தான் இந்த ஏற்பாடெல்லாம். வருஷ வாடகை 3,111 ரூபாய். ரகுநாத நாயக்கர் டென்மார்க் ராஜாவுக்குத் தங்க ஓலையில் எழுதி அனுப்பிய கடிதம் இன்னும் கோபன்ஹேகனில் பத்திரமாக இருக்கிறதாம். கடைசியில் 1845ல், வங்காளத்திலிருந்த செராம்பூரோடு சேர்த்து 12.5 லட்சம் ரூபாய்க்கு வெள்ளைக்காரனிடம் விற்றுவிட்டு டேனிஷ்காரர்கள் கப்பல் ஏறிவிட்டார்கள்.

கோட்டை என்றால் செஞ்சி மாதிரி மலைமேல் மூச்சு வாங்க ஏற வேண்டாம். மாமாவுக்கு முழங்கால் வலி உண்டு, அவரே சிரமமில்லாமல் வந்தார். சுற்றிலும் மதில், நடுவில் பெரிய மைதானம், கடலைப் பார்த்த பக்கம் இரண்டடுக்குக் கட்டடம். கீழே சரக்கு அறைகள், மடப்பள்ளி, சிறை. மேலே அந்தக் காலத்து கவர்னரும் பாதிரிமாரும் தங்கிய அறைகள். இப்போது அது தொல்லியல் துறை அருங்காட்சியகம். பீங்கான் தட்டுகள், பழைய பத்திரங்கள், சிலைகள், ஆயுதங்கள் வைத்திருக்கிறார்கள். அந்தப் பீங்கானைப் பார்த்துக்கொண்டே நான் அரைமணி நேரம் நின்றிருப்பேன். பையன் சிறை அறையை விட்டு வரமாட்டேன் என்று அடம் பிடித்தான்.

அம்மா மட்டும் அருங்காட்சியகத்தைக் கவனிக்கவில்லை. நேரே மேல்தளத்துக்குப் போய் ஒரு ஜன்னலைத் தேடிக்கொண்டிருந்தார். 1978 வரை கோட்டை சர்க்கார் பயணியர் விடுதியாக இருந்திருக்கிறது. தாத்தா மேஸ்திரி. விடுதியில் தங்கியிருந்த என்ஜினியரிடம் கணக்கு கொடுக்க வந்தபோது அம்மாவையும் ரயிலில் கூட்டி வந்திருக்கிறார். "உள்ளே அய்யா இருக்கார், நீ இந்த ஜன்னல்கிட்டயே சாப்பிட்டுட்டு உக்காந்திருன்னு சொன்னாரு. நான் தூக்குல இருந்த சோத்தை மறந்துட்டு கடலையே பார்த்துட்டு இருந்தேன். காக்கா பாதியைத் தின்னுடுச்சு" என்றார் அம்மா. பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அப்புறம் இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் அம்மா கையைப் பிடித்துக்கொண்டு, "பாட்டி, அப்ப பீரங்கி இருந்துச்சா? அப்ப கடல் எவ்வளவு தூரம்?" என்று துளைத்தெடுத்துவிட்டார்கள்.

வெளியே வந்ததும் அத்தை ஒரு காரியம் செய்தார். எல்லோரும் முன்னும் பின்னுமாக நடந்துகொண்டிருந்தோம். கூறைப்புடவை சரசரக்க அத்தை நின்று, "சம்பந்தி, இது உங்க ஊரு. நீங்க முன்னால போங்க, நாங்க உங்க பின்னாலதான் வருவோம்" என்றார். சத்தமாகவே சொன்னார். காலையில் அம்மாவைப் பின்னால் போகச் சொன்ன அந்த உறவும் எங்களோடுதான் வந்துகொண்டிருந்தார். அதன் பிறகு ஊரைச் சுற்றிக்காட்டியது முழுக்க அம்மாதான்.

சீகன்பால்கு பாதிரியார் சிலை, அவர் கட்டிய புதிய எருசலேம் ஆலயம் எல்லாம் அம்மா தயவில் பார்த்தோம். 1706ல் ஜெர்மனியிலிருந்து வந்தவர். சின்னப் பிள்ளைகளோடு திண்ணைப் பள்ளியில் உட்கார்ந்து மணலில் விரலால் எழுதித் தமிழ் கற்றுக்கொண்டார். அடுத்த வருஷமே பெண் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் வைத்தார். அச்சுக்கூடம் வைத்து 1715க்குள் பைபிளின் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டு முடித்தார். பொறையாரில் காகிதப் பட்டறையும் போட்டார். கடுதாசிப் பட்டறை என்று அந்த இடத்துக்கே பேர். ஜெர்மனியிலிருந்து வந்த தமிழ் எழுத்துகள் பெரிதாக இருந்ததால், சின்ன எழுத்து வார்க்க ஈயம் கிடைக்காமல், வெளிநாட்டு சீஸ் டப்பாக்களின் ஈய மூடியை உருக்கினார்கள் என்று சொல்கிறார்கள். நாம் டப்பா மூடியைத் தூக்கிப் போடாமல் எடுத்து வைத்தால் வீட்டில் கேலி பண்ணுகிறார்களே! அவர் 1719ல் இறந்தபோது 36 வயதுதான். என் வயதுக்காரர். இத்தனை வேலையும் அதற்குள் முடித்திருக்கிறார். ஆலயத்துக்குள்ளேயே அவர் கல்லறை.

கடைசியாகக் கடற்கரை. மாசிலாநாதர் கோவில் அங்கேதான். 1305ல் குலசேகர பாண்டியன் காலத்தில் கட்டியது. ஊருக்குச் சடங்கன்பாடி என்ற பழைய பேர் அந்தக் கல்வெட்டில் இருக்கிறதாம். முன்பக்கத்தைக் கடல் தின்றுவிட்டது. "நான் பார்த்தப்போ கோவில் இன்னும் நீளமா இருந்துச்சு" என்று அம்மா கையால் கடலுக்குள் காட்டினார். அங்கே இப்போது அலைதான் அடிக்கிறது. கரையில் கருங்கற்களைப் பெரிய பெரிய பாறையாகக் கொட்டியிருக்கிறார்கள்.

அந்தப் பாறை மேல் உட்கார்ந்து கருவாடு விற்றுக்கொண்டிருந்த அம்மா ஒருவரிடம் அத்தை பேச்சுக் கொடுத்தார். 2004 டிசம்பர் 26 சுனாமியில் இந்த மீனவர் தெருவில் நிறையப் பேர் போனார்கள். அந்த அம்மாவுக்குக் கணவரும் மூத்த பையனும். "மறுபடியும் இந்தக் கடலுக்கு முன்னாலயே எப்படிம்மா உக்காந்திருக்கே?" என்று அத்தை கேட்டார். "வேற எங்கங்க போறது? இருக்கிற பொண்ணைப் படிக்க வச்சதும் இந்தக் கடல்தான்" என்று சொல்லிக்கொண்டே நெத்திலியை எடை போட்டார். அம்மா பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டார். இரண்டு பேரும் என்ன பேசினார்களோ, அலைச் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை. கிளம்பும்போது அம்மா முந்தானையில் அரைக் கிலோ நெத்திலி. எங்கள் அத்தை சுத்த சைவம்! ஆனாலும் திருச்சி வரும் வரை அந்த வாடையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

போகிறவர்களுக்குச் சில விஷயம். மயிலாடுதுறை, காரைக்கால் இரண்டு ஊரிலிருந்தும் பஸ் இருக்கிறது. கோட்டை மைதானத்தில் நிழல் கிடையாது. குடை, தண்ணீர் பாட்டில், பிள்ளைகளுக்குத் தொப்பி அவசியம். பட்டுப்புடவையோடு போகிறவர்கள் ஒரு மாற்றுப் புடவை வைத்துக்கொள்ளுங்கள், உப்புக் காற்றில் ஜரிகை பாழாகும். பாறை இருக்கிற பக்கம் பிள்ளைகளைத் தண்ணீரில் இறங்க விடாதீர்கள், வழுக்கும், இழுக்கும். வெள்ளிக்கிழமை கோட்டைக்கு விடுமுறை என்றார்கள், முகூர்த்தம் அன்றைக்கு அமைந்தால் முன்கூட்டியே விசாரித்துக்கொள்வது நல்லது.

– ஒரு வாசகி, திருச்சி.